மேல் இலை மஞ்சள்

செம்மண் பூமியில் ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே வேர்க்கடலையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் பிலோமினா. நாற்பது வயது. அதிகம் பேசமாட்டார்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் கோதண்டபாணி. அவருக்கு ஐம்பத்திரண்டு. ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் செய்தி சொல்கிற அரசு உத்தியோகம். கிராமங்களில் அவரை அக்ரி சார் என்பார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தொன்பது பேர் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்தார்கள். கோதண்டபாணி மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"தெரியாது. பாத்துச் சொல்றேன்" என்றார் பிலோமினா.

பத்து நாள் கழித்துத் தபாலில் பதில் வந்தது. அன்றிலிருந்து கோதண்டபாணி அவரைத் தன் குருவாக வைத்துக்கொண்டார். வயதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கோதண்டபாணி நிலையத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதங்களையும் செல்போனையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"காட்டுமேட்டுல வேர்க்கடலை மஞ்சளாப் போச்சு மேடம். எண்பது ஏக்கர். விதைச்சு முப்பது நாள்தான் ஆவுது."

"புது ரகமா?"

"புது ரகம்தான். நம்ம கையேட்டப் பாத்துட்டு ஊரே போட்டாங்க."

முதல் காகிதம் அந்தக் கையேடு. நிலையத்தில் அச்சிட்டது. அட்டையில் தெய்வசிகாமணி என்ற விவசாயி காய் குலுங்கும் செடியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'ஏக்கருக்குப் பத்தொன்பது மூட்டை. எல்லா மண்ணுக்கும் ஏற்றது.'

"பயிர் மஞ்சளானா யூரியா தெளிக்கச் சொல்லுது இது. மேல இருந்து வந்த சுற்றறிக்கை வேரழுகல்னு சொல்லுது. செல்லுல வந்த செய்தி கந்தகம் பத்தலைன்னு சொல்லுது. அதை யாரு எழுதினாங்கன்னே தெரியல. மூணும் மூணு பேச்சு. எதை நம்புறது மேடம்?"

பிலோமினா மூன்றையும் பார்த்தார். எதையும் கையில் எடுக்கவில்லை.

"எப்ப சொல்லணும்?"

"வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். நான் ஒரு வழி சொல்லலேன்னா எல்லாத்தையும் மடக்கி உழுதுட்டுக் கொள்ளு விதைக்கிறதாப் பேச்சு. டிராக்டருக்குச் சொல்லிட்டாங்க. அறுபத்திரண்டு குடும்பம் மேடம். மானாவாரி பூமி. வருஷத்துக்கு இந்த ஒரு பயிர்தான்."

"மேல் இலை மஞ்சளா, கீழ் இலை மஞ்சளா?"

கோதண்டபாணி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். மஞ்சள் துணி விரித்ததுபோல் ஒரு நிலம் தெரிந்தது.

"எங்க நின்னு எடுத்தது?"

"ரோட்டுல."

"வண்டிய விட்டு எறங்கினீங்களா?"

கோதண்டபாணி கொஞ்சம் யோசித்தார். "ஒரு கால் கீழ வெச்சேன்."

பிலோமினா சிரிக்கவில்லை. காகிதங்களையும் செல்போனையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"மேல் இலையா, கீழ் இலையா?"

கோதண்டபாணி தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இருபத்திரண்டு கிலோமீட்டர் வந்திருக்கீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

"வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காட்டுமேட்டுக்குத் தார்ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். முள்ளும் கல்லுமான ஒற்றையடிப் பாதை. மொபெட் போகாது. பதினோரு வருஷமாக அந்த ஊர் அவர் பொறுப்பில் இருந்தது. இந்தப் பாதையில் எத்தனை முறை நடந்திருக்கிறோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். ஒரு கை போதுமாக இருந்தது.

மேட்டில் ஏறியதும் எங்கும் மஞ்சள். மண்ணில் இஞ்சித் துண்டுகள் மாதிரி முண்டும் முடிச்சுமாக வெள்ளைக் கற்கள். நடுவில் ஒரு கொல்லை மட்டும் கரும்பச்சையாக நின்றது. அதில் பச்சையம்மாள் களை கொத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு, அக்ரி சாரா? வழி தவறி வந்துட்டியா?"

"இல்லம்மா. பயிரைப் பாக்கத்தான் வந்தேன்."

"ரோட்டுல இருந்தே நல்லாத் தெரியுமே. இவ்வளோ தூரம் எதுக்கு நடந்த?"

"எல்லாக் கொல்லையும் மஞ்சளா இருக்கு. உங்களுது மட்டும் எப்படிம்மா பச்சையா நிக்குது?"

பச்சையம்மாள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

"நான் பழைய விதை போட்டேன் சார். புதுசத்தான் போன வருசமே பாத்தாச்சே. நீதானே கொண்டாந்து குடுத்த? எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும். ஒரு மூட்டை தேறல. புடுங்கி மாட்டுக்குப் போட்டோம்."

"ஊர்ல யாருகிட்டயும் சொல்லலியா?"

"சொல்லாம? தொண்டை வத்தச் சொன்னேன். போட்டோ போட்டு அச்சடிச்சிருக்கான், ஒனக்கு இன்னா தெரியும்னு கேட்டாங்க. எனக்கு அச்சும் தெரியாது, போட்டோவும் எடுத்ததில்ல. வாய மூடிக்கினேன்."

கோதண்டபாணி சுற்றியிருந்த மஞ்சள் கொல்லைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்கிட்டயும் சொன்னேன் சார். நீ எழுதிக்கிட்ட. பையில ஒரு சின்ன நோட்டு வெச்சிருப்பியே, அதுல."

அந்த நோட்டு இன்னும் தீரவில்லை. சட்டைப் பையில்தான் இருந்தது, கையேட்டுக்கும் சுற்றறிக்கைக்கும் பின்னால். கோதண்டபாணி எடுத்துப் புரட்டினார். போன வருஷம் ஆவணி ஒன்பதாம் தேதிக்கு நேராக அவர் கையெழுத்தில் இருந்தது. 'காட்டுமேடு. பச்சையம்மாள். மேல் இலை மஞ்சள். நரம்பு பச்சை.'

அதை இரண்டு தரம் படித்தார்.

"இன்னா சார், உன் எழுத்து உனக்கே புரியலியா?"

"புரியுதும்மா" என்றார்.

பக்கத்துக் கொல்லையில் இறங்கி மண்டியிட்டார். ஒரு செடியைக் கையில் ஏந்திப் பார்த்தார். நோட்டில் எழுதியிருந்தபடியே இருந்தது. கீழ் இலை பச்சை. மேல் இலை மஞ்சள். மஞ்சளுக்கு நடுவில் நரம்பு மட்டும் பச்சைக் கோடு. பச்சையம்மாள் தன் களைக்கொத்தை நீட்டினாள். ஐந்து கொல்லையில் ஐந்து செடி, வேரும் மண்ணுமாகத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டார்.

"எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போற?"

"எங்க மேடம்கிட்ட காட்டணும்."

"செடிய நீ பாத்தா பத்தாதா? அவங்களும் பாத்தாத்தான் மஞ்சளா?"

கோதண்டபாணி சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்.

புதன்கிழமை நிலையத்தின் கதவு திறக்கும்போதே அவர் வாசலில் சாக்கோடு நின்றார்.

"மேல் இலை" என்றார்.

பிலோமினா செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வேரைப் பிளந்து பார்த்தார். அழுகல் இல்லை. வேரிலிருந்த மண்ணை ஒரு பீங்கான் தட்டில் உதிர்த்தார். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து, அதிலிருந்த சிவந்த மண்ணை இன்னொரு தட்டில் கொட்டினார். புட்டியின்மேல் 'தெய்வசிகாமணி, தார்ரோடு' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

இரண்டு தட்டிலும் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டார். தெய்வசிகாமணியின் மண் அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. காட்டுமேட்டு மண் சோடாவைத் திறந்ததுபோல் நுரைத்தது.

"சுண்ணாம்பு" என்றார் பிலோமினா. "மண்ணுல இரும்புச் சத்து இருக்கு. சுண்ணாம்பு அதைப் புடிச்சு வெச்சிருக்கு. பழைய ரகம் எப்படியோ இழுத்துக்குது. புது ரகத்தால முடியல."

"அப்ப யூரியாவும் இல்ல, வேரழுகலும் இல்ல, கந்தகமும் இல்ல."

"இல்ல. யூரியா பத்தலேன்னா கீழ் இலை மஞ்சளாகும், கந்தகம் பத்தலேன்னா நரம்பும் மஞ்சளாகும். இதுக்கு அன்னபேதி, இரும்பு உப்பு. பத்து லிட்டர் தண்ணிக்கு நூறு கிராம். கூட ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு. இலைமேல தெளிக்கணும். பத்து நாளைக்கு ஒரு தரம், மூணு தரம்."

கோதண்டபாணி நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்தும் நோட்டை மூடவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இந்த மண்ணுக்கு இந்த ரகம் ஆவாதுன்னு ஒரு சொட்டு அமிலம் சொல்லுது. அப்பறம் எதை வெச்சு எல்லா மண்ணுக்கும் ஏற்றதுன்னு கையேட்டுல போட்டாங்க?"

பிலோமினா எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். கோப்பு ஒன்றை எடுத்து வந்து அவர்முன் விரித்தார்.

அதில் ஒரு படிவம் இருந்தது. போன வருஷம் ஆறு விவசாயிகளுக்குப் புது விதை கொடுத்து, விளைச்சலை எழுதி அனுப்பச் சொன்ன படிவம். ஆறு வரிகள். முதல் மூன்றில் தார்ரோட்டோரத்து விவசாயிகள். தெய்வசிகாமணி முதல் பெயர். பத்தொன்பது, இருபது, பத்தொன்பது மூட்டை. அடுத்த மூன்றும் காட்டுமேடு. பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது. கடைசி வரியில் பச்சையம்மாள் பெயர் இருந்தது. கூட்டி ஆறால் வகுத்தால் பத்தொன்பது.

படிவம் முழுவதும் கோதண்டபாணியின் கையெழுத்து.

ஜன்னலுக்கு வெளியே யாரோ வரப்பு வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கீழ இருக்கிற மூணும் நானாப் போட்டது மேடம்."

பிலோமினா அந்த மூன்று வரிகளையும் பார்த்தார்.

"முதல்ல அந்த மூணு வரியையும் காலியாத்தான் விட்டேன். படிவம் முழுமையா இல்லைன்னு எங்க ஆபீஸ்லயே திருப்பிட்டாங்க. ரெண்டாந்தரமும் திருப்பினாங்க. மூணாந்தரம் மேல மூணு வரியப் பாத்து, ஒண்ணு ஏத்தி ஒண்ணு எறக்கிப் போட்டேன். உடனே எடுத்துக்கிட்டாங்க."

"எனக்கு அது தெரியாது. மத்த ஊர்ல இருந்தெல்லாம் பாதிப் படிவம் வந்துது. உங்களுது ஒண்ணுதான் முழுசா நிரம்பி வந்துது. நல்ல படிவம்னு அதையே எடுத்து அச்சுக்குக் குடுத்தேன்."

கோதண்டபாணி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அறுவடைக்கு முன்னால நானே காட்டுமேட்டுக்கு வர்றதா இருந்தது" என்றார் பிலோமினா. "ஜீப்புக்கு டீசல் இல்லைன்னு பதிவேட்டுல எழுதி வெச்சேன்."

கோப்பின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"பஸ் இருந்தது."

கோதண்டபாணி தன் நோட்டை ஆவணி ஒன்பதில் திறந்து படிவத்தின் பக்கத்தில் வைத்தார். பிலோமினா இரண்டையும் படித்தார்.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"அன்னபேதி தெளிக்கச் சொல்றேன்."

"யாரு சொன்னதா?"

"நம்ம நிலையம் சொன்னதா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

பிலோமினா படிவத்தைக் கோப்பிலிருந்து உருவி அவரிடம் கொடுத்தார்.

"இது அசல் மேடம்."

"ஆமா."

"இதை வெச்சு நான் என்ன செய்யறது?"

"படிச்சுக் காட்டுங்க."

"அடிச்சுடுவாங்க மேடம்."

பிலோமினா யோசித்தார். பிறகு, "காட்டுமேட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை பிலோமினா ஒரு குடையோடு வந்து இறங்கினார். இருவரும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். பாதி வழியில் அவர் குனிந்து ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. மதிலுக்கு வெளியே இரண்டு டிராக்டர்கள் கலப்பை மாட்டி நின்றன. பிலோமினா போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து ஊர் டீச்சர் என்று நினைத்தார்கள்.

வீராசாமி ஊராட்சி உறுப்பினர். பேச்சை நீட்டாதவர். "சொல்லு சார். டிராக்டர்காரன் ரெண்டு தரம் ஆரன் அடிச்சிட்டான்" என்றார்.

கோதண்டபாணி படிவத்தைப் பிரித்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யார் யாருக்குப் போன வருஷம் புது விதை கொடுத்தது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதல் மூன்று வரிக்கு யாரும் அசையவில்லை. நான்காவது வரி படித்ததும் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறாவது, பச்சையம்மாள், காட்டுமேடு. ஏக்கருக்குப் பத்தொன்பது மூட்டை."

"அடேங்கப்பா!" என்று பெண்கள் நடுவிலிருந்து குரல் வந்தது. "பத்தொன்பது மூட்டையா? எங்க சார் வெச்சிருக்க? காட்டு, வண்டி கட்டியாந்து எடுத்துக்கினு போறேன்."

கூட்டம் சிரித்தது. கோதண்டபாணி சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"அது பொய். நான் எழுதினது. அந்த அம்மா கொல்லையில ஒரு மூட்டை தேறல. மாட்டுக்குப் போச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும். என் நோட்டுல எழுதினேன். படிவத்துல எழுதல. அந்தப் படிவம்தான் கையேடாச்சு. அதை நம்பித்தான் நீங்க விதைச்சீங்க."

சத்தம் கிளம்பியது. நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள்.

"எண்பது ஏக்கர்யா! எண்பது ஏக்கர்!"

"இவனை உள்ள உட்டதே தப்பு."

"படிவத்த நெரப்பத்தான் எங்க வயித்துல அடிச்சியா சார்?"

ஒருவன் கையேட்டைக் கசக்கி எறிந்தான். "இவன் எழுதினான், சரி. எவன் இதைக் கண்ண மூடிக்கினு அச்சடிச்சது? அவனக் கொண்டாந்து நிறுத்து!"

பிலோமினா புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நான்தாங்க" என்றார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கையேட்டை எறிந்தவன் என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். பச்சையம்மாள் பக்கத்தில் நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள். "டீச்சர்னு நெனச்சேனே" என்றாள்.

வீராசாமி கையை உயர்த்தினார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்கு இன்னா செய்யச் சொல்ற?"

கோதண்டபாணி அன்னபேதியைப் பற்றிச் சொன்னார். ஏன் மஞ்சளாகிறது என்பதைச் சொன்னார். எவ்வளவு, எப்படி, எத்தனை முறை என்று சொன்னார்.

"தெளிச்சா எத்தினி கொல்லை தேறும்?"

கோதண்டபாணி பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா கையிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றார் கோதண்டபாணி.

"தெரியாதா?"

"வேற ஊர்ல தேறியிருக்கு. இந்த மேட்டுல இதுவரைக்கும் யாரும் தெளிச்சுப் பாத்து எழுதி வெக்கல."

மறுபடியும் முணுமுணுப்பு. அப்போது பச்சையம்மாள் எழுந்தாள்.

"பதினோரு வருசமா வர்றாரு. ஒரு நாளாவது தெரியாதுன்னு சொல்லியிருக்காரா? இன்னிக்குத்தான் சொல்றாரு. எனக்கு என்னமோ இன்னிக்கு சொல்றதக் கேக்கலாம்னு தோணுது."

மதியம்வரை பேசினார்கள். இருபத்தொரு குடும்பம் உழுதுவிடுவது என்று முடிவெடுத்தது. அவர்களை யாரும் தடுக்கவில்லை. நாற்பத்தொரு குடும்பம் தெளித்துப் பார்ப்பது என்றது.

"ஒரு வார்த்தை" என்றார் கோதண்டபாணி. "ஒவ்வொரு கொல்லையிலயும் ரெண்டு சால், ரெண்டே வரிசை, தெளிக்காம விடுங்க."

"அது எதுக்கு? சாமிக்கா?"

"தெளிச்சதால தேறிச்சா, தானாத் தேறிச்சான்னு தெரியணும்."

"எங்க கொல்லையில உனக்கு ரெண்டு சால் பங்கா சார்?" என்றார் வீராசாமி. ஆனால் விட்டார்.

அதற்குப் பிறகு கோதண்டபாணி ஐந்து நாளைக்கு ஒரு முறை மொபெட்டை ரோட்டோரம் நிறுத்திவிட்டு மேடு ஏறினார். நாற்பத்தொரு கொல்லையிலும் இறங்கினார். ஆள் இல்லாத வீட்டுக்குத் தெளிப்பானைத் தானே முதுகில் மாட்டிக்கொண்டார். முதல் முறை தெளித்து ஐந்தாம் நாள் சில இலைகளில் பச்சைத் திட்டு விழுந்தது. சில கொல்லைகளில் விழவில்லை. இரண்டையும் எழுதிக்கொண்டார். மழையில் நனைந்து நோட்டு ஊதிப்போனது. புது நோட்டு வாங்கி, பழையதிலிருந்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

பாதையோரத்து முள்ளெல்லாம் அவர் கால்பட்டே ஒதுங்கிப் போயிற்று என்று பச்சையம்மாள் கேலி செய்தாள்.

ஐப்பசியில் அறுவடை நடந்தது. கடைசிக் கொல்லையின் கடைசி மூட்டையை எடை போட்டுவிட்டு, மறுநாள் கோதண்டபாணி நிலையத்துக்கு வந்தார். அச்சடித்த படிவம் அவரிடம் இல்லை. நீளத் தாளில் தானே கோடு போட்டு அறுபத்திரண்டு வரி எழுதியிருந்தார். உழுதவர்கள் பெயருக்கு நேராக 'உழுதார்' என்று இருந்தது.

பிலோமினா அறுபத்திரண்டு வரியையும் படித்தார். இடையில் தேநீர் வந்து ஆறியது. அவர் கையில் எடுக்கவில்லை.

"முப்பது கொல்லை தேறிடுச்சு மேடம். எட்டு மூட்டை, ஒன்பது மூட்டை. வீராசாமிக்குப் பன்னெண்டு. தெளிக்காத ரெண்டு சாலும் எல்லாருக்கும் மஞ்சளாவே நின்னுது."

"மீதிப் பதினொண்ணு?"

"மூணு தரம் தெளிச்சும் ஒண்ணும் ஆவல. கல் அதிகமா இருக்கிற பக்கம். நான் கூடவே நின்னு தெளிச்சதுதான். மருந்துலயும் தப்பு இல்ல, அளவுலயும் தப்பு இல்ல."

பிலோமினா தலையசைத்தார்.

"எங்க ஆபீஸ்ல இருந்து நேத்து போன் வந்துது" என்றார் கோதண்டபாணி. "அந்தப் பதினொண்ணையும் உழுத கணக்குல சேத்துட்டா எல்லாம் வெற்றின்னு காட்டலாமாம். யாருக்கும் நஷ்டமில்லையாம். முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"படிவம் திரும்பி வரும்னாங்க. வரட்டும், திரும்பத் திரும்ப அனுப்பறேன்னு சொன்னேன்."

பிலோமினா மேஜை இழுப்பறையைத் திறந்தார். புதுக் கையேட்டின் கையெழுத்துப் பிரதி அதில் இருந்தது. எந்த மண்ணுக்கு எந்த ரகம், எந்த மண்ணுக்கு எது ஆகாது என்று அவர் எழுதி வைத்திருந்தார். உள்ளே பக்கங்கள் நிரம்பியிருந்தன. அட்டை மட்டும் வெறுமையாக இருந்தது.

கோதண்டபாணி தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முப்பதும் உள்ள வந்துடும். அது தெரியும் மேடம். அந்தப் பதினோரு கொல்லைய எங்க போடப் போறீங்க? கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துலயா?"

பிலோமினா வெறும் அட்டையை அவர்முன் வைத்தார்.

"தெய்வசிகாமணி நின்ன எடத்துல" என்றார்.